இலையைத் தின்ன விடுங்கள்

குரோமியம் வருவதற்கு முன்பு வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொட்டிகளில் ஊறியது ஆவாரம்பட்டை. கரம்பு நிலத்தில் தானாக முளைத்த புதரை வெட்டி, பட்டையை உரித்துக் காயவைத்து, வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு தென் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்து இறங்கியது; அதற்கும் பிறகு குரோமியம் வந்தது. ஆவாரையைத் தேடுவாரில்லை. பொங்கலுக்குப் பூப்பறிக்கும் நாளைத் தவிர, சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் அது கேட்பாரற்று மஞ்சளாகப் பூத்து நிற்கிறது.

அதே ராணிப்பேட்டைப் பக்கத்து நெமிலியில் புதிதாக வீடு கட்டுகிறவர்களும் முன்வாசலில் செடி வைக்கிறார்கள்; ஆவாரையை அல்ல. நர்சரியில் வாங்கிய குரோட்டன்ஸ், டுரண்டா, அலங்காரப் பனை, ஒரு துண்டுப் புல்தரை. பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள்: ஒரு தேன்சிட்டு வந்து சுற்றிவிட்டுப் போய்விடும், ஒரு வண்ணத்துப்பூச்சி உட்காராமலே கடந்துவிடும். வீட்டுத் தோட்டத்துக்குப் பறவையும் பூச்சியும் பன்னிரண்டு மாதமும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் வைக்க வேண்டிய செடி ஆவாரை என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை அந்தப் பூவிலிருந்தே சொல்லலாம்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அது தருவது மகரந்தம் மட்டும். அதையும் எளிதில் தருவதில்லை. மகரந்தப் பைகள் மற்றப் பூக்களைப் போல நெடுக்காக வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளை போன்ற ஒரு வாய் இருக்கும், அவ்வளவுதான். தேனீ எவ்வளவு கிண்டினாலும் அதிலிருந்து பெரிதாக எதுவும் வராது. மரத்தில் துளைபோட்டு வாழும் பெரிய கருவண்டு வந்தால் கதை வேறு. தச்சுத் தேனீ என்று நூல்கள் சொல்லும் இது, பூவைக் காலால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை அடிக்காமல் சிறகுத் தசையை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்று ஓர் ஒலி. துளை வழியே மகரந்தம் பீறிட்டு வண்டின் வயிற்றில் விழும். பூவில் இரண்டு வகைக் கேசரங்கள் இருக்கின்றன. குட்டையானவை வண்டுக்கு உணவு கொடுக்கின்றன. வளைந்து நீண்டவை, வண்டு வழித்துத் தின்ன முடியாத இடத்தில் மகரந்தத்தைத் தடவி அனுப்புகின்றன. அடுத்த பூவின் சூல்முடியில் படுவது அதுதான்.

கத்தரியின் மகரந்தப் பைகளும் இதே போல நுனியில் துளையுள்ளவை. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பூவை அதிரவைக்கத் தெரிந்த வண்டுகளுக்கும் பங்கு உண்டு. கத்தரி தன் பூவிலேயே காய் பிடிக்கக்கூடியதுதான், என்றாலும் வண்டு வந்து அதிர்த்துவிட்டுப் போன பூ நன்றாகக் காய்க்கும். அந்த வண்டு கூடு கட்டுவது காய்ந்த மூங்கிலிலும் பட்டுப்போன கிளையிலும். பந்தலுக்கு நட்ட பழைய மூங்கிலைப் பிடுங்கி அடுப்பில் வைக்காமல் ஒரு மூலையில் சாத்தி வையுங்கள். ஆவாரை, கத்தரி, செத்த மூங்கில் மூன்றும் ஒரே வேலியோரம் இருந்தால் அங்கே ஒரு முழு வாழ்க்கை நடக்கும்.

ஆவாரை விதையின் தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, ஆடியிலோ புரட்டாசியிலோ மழைக்கு முன் மண்ணில் ஊன்றினால் முளைக்கும். முதல் ஆண்டுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்காது.

நெமிலி இருக்கும் இடத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில், கொசத்தலை ஆற்றோரம் உள்ள ஊர் இது. சற்று மேற்கே காவேரிப்பாக்கம் ஏரி. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பேரேரிக்குப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது; நிரம்பி வழிவது கொசத்தலையில் சேர்ந்து பூண்டி நோக்கிப் போகிறது. ஏரிப் பாசனம், நெல் வயல், வரப்பில் பனை. பனையோலையில் தூக்கணாங்குருவி தொங்கும். காய்ந்த மட்டையின் அடியில் பனை உழவாரன் ஒட்டிக் கூடு வைக்கும். பொந்தில் புள்ளி ஆந்தை. இவை எல்லாம் ஏற்கெனவே ஊரைச் சுற்றி இருக்கின்றன. எங்கோ இருக்கிற காட்டிலிருந்து நாம் எதையும் வரவழைக்கப் போவதில்லை. வயலுக்கும் ஏரிக்கும் நடுவே பறந்துகொண்டிருக்கும் உயிர்களுக்கு நம் வீட்டில் இறங்க ஒரு காரணம் கொடுத்தால் போதும்.

பூ அந்தக் காரணத்தில் பாதிதான். பெரிய பாதி இலை. வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் பல பூக்களில் கிடைக்கும். முட்டையிட அதற்கென்று வகுத்த செடிதான் வேண்டும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன். அரளி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன். ஆமணக்கு, நெட்டிலிங்கம், கொன்றை ஒவ்வொன்றுக்கும் அதனதன் பூச்சி. நந்தியாவட்டையில் விரல் பருமனுக்குப் பச்சையாக ஒரு புழு தொங்கினால் அது ஒரு பருந்து அந்துப்பூச்சியின் பிள்ளை; இரவில் வெள்ளைப் பூக்களைத் தேடி வருவது அந்த வகைதான். குரோட்டன்ஸ் இலையை நம் ஊர்ப் பூச்சிகளில் அநேகமாக எதுவும் தின்பதில்லை. ஓட்டை விழாத இலை அழகு என்று நாம் நினைப்பது, பட்டினி கிடக்கும் தோட்டத்தைத்தான்.

எல்லார் வீட்டிலும் இருக்கும் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்தில் பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருப்பது எச்சமல்ல, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. அந்த வேடத்தில் குருவி அதைக் கண்டுகொள்ளாது. தோலுரித்து வளர்ந்ததும் இலை நிறத்துக்கு மாறிவிடும். தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கவட்டை நீளும், காரமான வாடை அடிக்கும்.

வளர்ந்து பறக்கும்போது நடப்பது இன்னும் வியப்பானது. ஆண் பூச்சி கருப்பு, பின்சிறகில் ஒரு வரிசை வெள்ளைத் திட்டு. பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, சிவப்புத் திட்டுகளோடு ரோஜா அழகி என்ற இன்னொரு வகையை அச்சாகப் போலி செய்யும். ரோஜா அழகியின் புழு, வயல்காட்டில் படரும் ஆடுதின்னாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுபடி அதைத் தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது, தோற்றத்தைக் காட்டியே தப்பிக்கிறது. இவ்வளவு துல்லியமான போலித் தோற்றம் எத்தனை மரபணுக்களின் கூட்டு வேலையோ என்று அறிவியலாளர்கள் பல காலம் எண்ணியிருந்தார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை முடிவுசெய்யும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுவே இதற்கும் சாவி என்று 2014இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதன் முதல் ஆசிரியர் கிருஷ்ணமேக் குண்டே, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர். உலக உயிரியல் பேசிய பூச்சி நம் வீட்டு ரசத்துக்குக் கிள்ளும் செடியில் வளர்கிறது. வீட்டில் ஒரே ஒரு கறிவேப்பிலைதான் என்றால் ஒரு கிளையையாவது அதற்கு விட்டுவிடுங்கள்.

இலையைத் தின்ன விட்டால் பறவை வரும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் கரோலினா சிக்கடி என்று நம் சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவை உண்டு. ஓர் ஈட்டுக் குஞ்சுகளைப் பறக்கும்வரை வளர்க்க அதற்கு 6,000 முதல் 9,000 புழுக்கள் தேவை. வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் டெசிரே நராங்கோ, டக்ளஸ் டாலமி, பீட்டர் மார்ரா மூவரும் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. தோட்டத்தின் பசுமையில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் உள்நாட்டுச் செடியாக இருந்தால்தான் அந்தப் பறவையின் எண்ணிக்கை நிலைக்கிறது என்று அது கண்டது. விழுக்காடு நம் ஊரில் மாறலாம், அடிப்படை மாறாது. தேன் குடிக்கும் தேன்சிட்டும் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையும்தான் ஊட்டுகிறது. தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியும் அப்படியே. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சிட்டுக்குருவிக்கு அட்டைப்பெட்டிக் கூடு வழங்குகிறோம், நல்ல காரியம். ஆனால் பெட்டியைச் சுற்றிப் புழு, பூச்சி இல்லையென்றால் உள்ளே குஞ்சு வளராது. மருந்து அடிக்காத பத்தடி வேலி, பத்துப் பெட்டிகளைவிட மேல்.

அசுவினி மொய்த்ததும் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். கொஞ்ச நாள் பொறுத்தால் பொறிவண்டும் அதன் குட்டிகளும் தேடி வந்து தின்றுவிடும். மருந்து அடித்தால் அசுவினி திரும்ப வரும், பொறிவண்டு வராது. முருங்கையில் மழைக்காலத்தில் அடை அடையாக ஒட்டும் கம்பளிப்பூச்சிக்கு இந்தப் பொறுமை கஷ்டம்தான். பட்டால் அரிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அகற்றத்தான் வேண்டும். எட்டத்தில் உள்ள மரம் என்றால் விட்டுப் பாருங்கள். மற்றப் பறவைகள் ஒதுக்கும் மயிர்ப்புழுவைக் குயில் இனங்கள் விரும்பித் தின்னும். சுடலைக் குயிலும் அக்கா குயிலும் அந்த விருந்துக்கு வரும்.

ஆண்டு முழுவதும் என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. தை, மாசியில் மாம்பூவும் இலையுதிர்த்த கல்யாண முருங்கையின் சிவப்புப் பூவும். தேன்சிட்டு, மைனா, கரிச்சான் எல்லாம் அங்கே. பங்குனியில் வேப்பம்பூ, புங்கம்பூ, தேனீக்கு அதுதான் அறுவடை. சித்திரை, வைகாசியில் கொன்றை பூக்கும், வேறு எல்லாம் வறளும். நம் மாவட்டத்தின் உண்மையான பஞ்சகாலம் அது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும், குளத்தில் சேறுகூட இருக்காது. தோட்டம் யாருக்காவது உயிர் காக்கிறது என்றால் அந்த இரண்டு மாதத்தில்தான். ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவற்பழமும் விழும். அதை ஒட்டியே கறிவேப்பிலைப் பழம் கருக்கும். கொண்டைக்குருவி தின்று எச்சமிட்ட இடமெல்லாம் கறிவேப்பிலைக் கன்று முளைப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஆவணிக்குப் பிறகு மழைப் புல், தும்பை. இடைவெளியை நிரப்ப நொச்சி, துளசி, இட்லிப்பூ, செம்பருத்தி நான்கும் போதும். கொஞ்சம் ஈரம் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். உன்னிச்செடியில் பூச்சி மொய்க்கிறதே என்று அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம். அது காட்டை அடைத்துக்கொண்ட அயல்செடி.

கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் களையென்று பிடுங்கப்படுபவை. பிடுங்கினாலும் தூர எறியாமல் வேலியில் தொங்கவிடுங்கள். வாடிய செடியில் நீல வரியனும் வெந்தய வரியனும் கூட்டமாக வந்து உறிஞ்சும், பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியில் உள்ள ஒரு கசப்பு வேதிப்பொருளிலிருந்துதான் அவை பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கின்றன. இந்த வரியன்கள் மழைக்காலங்களை ஒட்டிக் கிழக்கு மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வலசை போகின்றன. வழியில் கிடைக்கும் தோட்டம் அவற்றுக்குச் சத்திரம்.

கோடையில் தண்ணீர் வைப்பது பலரும் செய்வது. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் இல்லாத அகன்ற மண்தட்டு நல்லது. நடுவே ஒரு கல், தேனீயும் குளவியும் மூழ்காமல் உட்கார. பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வையுங்கள். டெங்குக் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும், முட்டை ஒட்டுவது தட்டின் விளிம்பில். ஆகவே இரண்டு நாளுக்கொருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டும் நீரை ஒரே இடத்தில் கொட்டுங்கள். அந்த ஈரமண்ணில் உப்புச்சத்துத் தேடி ஆண் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்காரும்.

ஐப்பசியில் ஒரு விருந்தாளி. இமயமலை அடிவாரத்திலிருந்து இரவில் பறந்து வரும் ஆறுமணிக் குருவி, களைத்தும் விளக்கொளியில் திசை தவறியும் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடுவது உண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு. எடுத்த எடுப்பில் 'வெளிநாட்டுப் பறவை' என்று கூண்டில் போட்டுவிடாதீர்கள். இருட்டான அட்டைப்பெட்டியில் சற்று நேரம் வைத்து, தெம்பு வந்ததும் மர நிழலில் விட்டால் போய்விடும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அது தங்கிவிட்டது என்று பொருள். அது இரை தேடுவது சருகைக் கிளறி. நாமோ அதே மாதத்தில் தோட்டத்தைப் பெருக்கிச் சருகைக் கொளுத்துகிறோம். மரத்தடிச் சருகை மரத்தடியிலேயே விட்டால் ஆறுமணிக் குருவிக்கும் தவிட்டுக்குருவிக்கும் தேரைக்கும் சாப்பாடு, மண்ணுக்கு உரம். ஒட்டடையையும் வீட்டுக்கு உள்ளே மட்டும் அடியுங்கள். தேன்சிட்டு தன் தொங்கு கூட்டைக் கட்டுவதும் தையல்சிட்டு இலையைச் சேர்த்துத் தைப்பதும் சிலந்தி நூலால்.

இரவு விளக்கையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் இருண்ட புல்வெளிகளில் தெருவிளக்கை நட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், விளக்கொளி பட்ட பூக்களுக்கு இரவுப் பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்தது. 2017இல் வெளியான முடிவு. சுற்றுச்சுவரெங்கும் எல்.இ.டி. மாட்டி விடியவிடிய எரிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மின்மினியைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

'புதர் வைத்தால் பாம்பு வராதா?' என்பது நியாயமான பயம். பாம்பு புதரைத் தேடி வருவதைவிட எலியைத் தேடி வருவதுதான் அதிகம். கோழித் தீவனத்தையும் நெல்லையும் மூடி வையுங்கள், விறகையும் செங்கல்லையும் சுவரோரம் அடுக்காதீர்கள், சருகையும் அடர்ந்த செடிகளையும் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளியே வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். அரணையைக் கண்டு அஞ்ச வேண்டியதே இல்லை. அது கடித்தால் மரணம் என்ற பேச்சில் உண்மை துளியும் கிடையாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்குத் தனியாக ஒரு சொல். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு, கழுவப்படும்போது நிலத்தில் இறங்கிப் பாலாற்றங்கரைக் கிணறுகளை உப்பாக்கியிருக்கிறது. இந்தப் பகுதித் தோல் ஆலைகளைக் குறித்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை அழுத்தமாகச் சொன்னது. உங்கள் கிணற்று நீர் கரித்தால் ரோஜாவும் மல்லியும் தவிக்கும். வேம்பு, புங்கம், எருக்கு உப்பைத் தாங்கும். இந்த மூன்றை வைத்தே தொடங்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மண்ணை, சேற்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று தோட்டத்தில் நிரப்பாதீர்கள்.

இடம் சிறியது என்று தயங்குகிறவர்கள் ஜெனிஃபர் ஓவனை அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரின் சாதாரண வீடொன்றில் வாழ்ந்த உயிரியலாளர். வீட்டையும் சேர்த்து அவர் மனை 741 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 18 சென்ட். 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் அங்கே வருவதையெல்லாம் எழுதிவைத்தார். கணக்கு 2,673 வகை உயிர்கள்; அதில் பூச்சிகள் மட்டும் 1,997. அறிவியலுக்கே புதிய சில குளவிகளும் அதில் உண்டு. குளிர் நாட்டில், காய்கறியும் பூச்செடியும் கலந்த தோட்டத்தில் கிடைத்த எண்ணிக்கை இது. வெப்ப மண்டலத்தில், ஏரியும் வயலும் சூழ்ந்த நெமிலியில் யாரும் இப்படி எண்ணிப் பார்க்கவில்லை என்றால் குறை தோட்டத்தில் இல்லை.

எண்ணுவதற்கு வழி இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் 'இ-பேர்டு' தளத்தில் பதிவிட வேண்டும். கட்டணம் கிடையாது, பட்டம் தேவையில்லை. வரும் பொங்கலுக்கு உங்கள் தோட்டத்தின் பட்டியலை, காகம், மைனா உட்பட, பிள்ளைகளை வைத்தே எழுதி அனுப்புங்கள்.